நாயகன் இல்லாத மேடை

கேள்வி: பால்புதுமையினர் கைக்குக் கை மாற்றிப் படித்த ஒரு புத்தகத்தை இசை நாடகமாக்கிப் பெரிய விழாக்களில் ஏற்றுவது, அதை மேட்டுக்குடி ரசிகர்களிடம் தாரைவார்ப்பதுதானே? புத்தகத்தைப் புத்தகமாகவே விட்டால் என்ன? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: அரங்கத்தின் வாசலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். மேடையில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

லாரி மிட்செல் எழுதி நெட் ஆஸ்டா படம் வரைந்த ‘த ஃபேகட்ஸ் அண்ட் தெயர் ஃப்ரெண்ட்ஸ் பிட்வீன் ரெவல்யூஷன்ஸ்’ (‘புரட்சிகளுக்கு நடுவே ஃபேகட்களும் அவர்களின் நண்பர்களும்’; ‘ஃபேகட்’ என்பது தன்பாலீர்ப்புள்ள ஆண்களை இழிக்கும் சொல்) நூலைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 1977-இல் மிட்செல் தாமே பதிப்பகம் தொடங்கி வெளியிட்டது. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா பக்கம், லாவெண்டர் ஹில் என்ற இடத்தில் நண்பர்கள் கூடி வாழ்ந்த வாழ்க்கையில் ஊறியது. ராம்ராட் என்றொரு சாம்ராஜ்யம், ஆள்பவர்கள் ஆண்கள், அது உள்ளுக்குள் இற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு புரட்சிக்கும் அடுத்த புரட்சிக்கும் நடுவே, அங்கே ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பதே கதை. எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். நாயகன் என்று யாரும் இல்லை.

அதில்தான் ஆபத்து இருந்தது. ஒரு காதல் ஜோடியைப் பிடித்து, இடைவேளைக்கு முன் ஒரு கண்ணீர்ப் பாட்டு கொடுத்திருந்தால் உங்கள் கோபத்தில் நானும் சேர்ந்திருப்பேன். இசையமைத்த பிலிப் வெனபிள்ஸும், எழுதி இயக்கிய டெட் ஹஃப்மனும் அதைச் செய்யவில்லை. 2023-இல் மான்செஸ்டர் சர்வதேச விழாவில் அரங்கேறியபோது மேடையில் 15 பேர். வாத்தியக்காரர்களை மேடைக்குக் கீழே இசைக்குழிக்குள் இறக்கிவிட்டுப் பாடகர்களை மேலே நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை. வாசிப்பவரே பாடுகிறார், பாடுபவரே கதை சொல்கிறார். கூடி வாழ்வதைப் பேசும் நூலைக் கூடி உழைத்தே நிகழ்த்துகிறார்கள். நூலுக்கு இதைவிட நேர்மையாக இருக்க முடியுமா?

அலிசன் பெக்டெல் தன் வாழ்க்கையைப் படக்கதையாகச் சொன்ன ‘ஃபன் ஹோம்’ இசை நாடகமாகி 2015-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போனபோது, ஒரே அலிசனை மூன்று வயதுகளாகப் பிரித்து மூன்று பேர் நடித்தார்கள். தன்வரலாற்றுக்கு அது சரி. மிட்செலின் நூலுக்கு அது நஞ்சு.

இன்னொன்று. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வந்தது 1981-இல். அதற்கு நான்கு வருடம் முன்பே இந்த நூல் வந்துவிட்டது. இதை முதலில் கையில் எடுத்த தலைமுறையில் ஏராளமானவர்களை அந்த நோய் கொண்டுபோனது. அவர்கள் தனிமையில் வாசித்த வரிகளை இன்று நிறைந்த சபையில் 15 பேர் உரக்கப் பாடுகிறார்கள். இதைத் தாரைவார்த்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டிக்கெட் விலை பற்றிக் கேட்டால் உங்கள் பக்கம் நிற்கிறேன். இசைக்குழி தேவைப்படாத நாடகம் இது. சிறிய ஊர்களின் சாதாரண மண்டபங்களுக்கும் இதைக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள்.