மேடையில் பேஸ் கிட்டார் ஒலி கரைந்துபோகிறதா? மிட் குமிழைப் பாருங்கள்
நண்பரே, உங்களிடம் 500 வாட் ஆம்ப் (ஒலி பெருக்கும் கருவி), ஒரு 8 ஓம் (மின்தடை அளவு) கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி. வீட்டில் அருமை, மேடையில் வெறும் ‘கும்’ என்கிறீர்கள். வாட் காரணமில்லை. நீங்கள் போட்ட படத்தில் மிட் குமிழ் (நடுத்தர ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) 9 மணி நிலையில், அதாவது குறைத்தபடி நிற்கிறது. தனியாக வாசிக்கையில் அது இனிக்கும், டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் அமுங்கிவிடும். விரல் வைக்காமல் மீட்டும் தடித்த இ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ்தான். காது சுரத்தைப் பிடிப்பது பெரும்பாலும் அதற்கு மேலுள்ள இசைவுகளில் (அதன் மடங்கு அதிர்வுகளில்). பேஸ் குமிழைச் சற்று இறக்கி, 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை ஏற்றிப் பாருங்கள்.

கேபினெட்டை உறுதியான நாற்காலிமேல் வையுங்கள். பலகை மேடையின் அதிர்வு குறையும், ஸ்பீக்கரும் முழங்காலை விட்டுக் காதைப் பார்க்கும். எனக்குப் பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்தது.

அப்புறமும் போதாவிட்டால் இன்னொரு 8 ஓம் கேபினெட். பேரலலில் (பக்க இணைப்பில்) இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகும். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பின்புறம் பார்த்துவிட்டு இணையுங்கள். ஸ்பீக்கருக்குக் கிட்டார் ஒயரைப் போட்டுவிடாதீர்கள், சூடேறும்.