பக்கவாதம் வந்த கை தானாக நெளிகிறது: நரம்பு உயிர் பெறுகிறதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. சர்க்கரை உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. கால் தேறி, இப்போது தடி ஊன்றி நடக்கிறார். கையும் ஓரளவு தூக்க வருகிறது. ஆனால் கொட்டாவி விட்டால் அந்தக் கை தானாக மடங்கி நெஞ்சு வரை ஏறுகிறது. ஒரு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் நெளிகின்றன. நரம்பு உயிர் பெறுகிறது என்கிறார்கள் சிலர். இரண்டாவது அட்டாக் என்கிறார்கள் சிலர். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நின்றுவிடும், ஒன்றரை லட்சம் ஆகும் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொல்கிறார். மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கவா?

பதில்: ஊசிக்காரருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தனித்தனி விஷயங்கள். கொட்டாவிக்குக் கை ஏறுவது பக்கவாதக்காரர்கள் பலரிடம் காணக்கூடியதுதான். கொட்டாவியை நடத்துவது மூளைத்தண்டு. மேல்மூளையிலிருந்து கைக்கு இறங்கும் பாதை அடிபட்டபின், கீழே கிளம்பும் தூண்டலைத் தடுக்க ஆளில்லாமல் அது கையையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. தும்மும்போதும், சிரமப்பட்டு எழும்போதும் கை மடங்கலாம். ஆபத்தில்லை, மாத்திரை வேண்டாம். அது கை குணமாவதற்கான அறிகுறியும் அல்ல.

விரல் நெளிவதற்குத்தான் காரணம் தேட வேண்டும். மூளையின் ஆழத்தில் அசைவுகளை அளந்து விடும் நரம்பு முடிச்சுகளும் தாலமஸும் இருக்கின்றன. அங்கே அடிபட்டால், பக்கவாதம் வந்த சில நாட்களிலேயே கை வீசியடிக்கலாம். அல்லது மாதங்கள் கழித்து, கைக்குப் பலம் திரும்பும் கட்டத்தில், மெதுவாக முறுக்கி நெளியத் தொடங்கலாம். அப்பாவுடையது இரண்டாவது வகையாகத் தெரிகிறது. ஒரு மாதமாக ஒரே மாதிரி இருக்கும் நெளிவு இரண்டாவது அட்டாக்காக இருக்க வாய்ப்பு குறைவு. புது அட்டாக் திடீரென்று வரும்: வாய் கோணும், பேச்சு குழறும், இருந்த பலமும் குறையும். அப்படி நடந்தால் உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஸ்கேன் அல்ல, செல்போனில் வீடியோ. முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்: மடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பது, கைகளை முன்னால் நீட்டி 20 விநாடி கண் திறந்தும் 20 விநாடி கண் மூடியும் இருப்பது, தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிப்பது, நடப்பது, தூங்கும்போது கை இருக்கும் நிலை. டாக்டருக்கு இதில்தான் விடை இருக்கிறது. தூக்கத்தில் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் நரம்பு முடிச்சு தொடர்பானது. கண்ணை மூடியதும் விரல்கள் வீணை மீட்டுவதுபோல் அலைந்தால், கை எந்த நிலையில் இருக்கிறது என்று அறியும் உணர்வு போயிருக்கிறது; அதற்கு மாத்திரை பயன் தராது, உணர்வுப் பயிற்சிதான் வேண்டும். மணிக்கட்டு தாளம் தப்பாமல் துடித்து, பிடித்து நிலையை மாற்றியதும் நின்றுவிட்டால் அது தசை இறுக்கம். பிடித்தும் நிற்காமல் வெட்டி வெட்டி இழுத்து, முகத்துக்கோ தோளுக்கோ பரவினால் வலிப்பு. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்தில் கை அடங்கிப்போயிருந்தால், சீட்டில் 'அதே மாத்திரை தொடரவும்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இத்தனை ஆண்டுகளாக இதுதான் நிலை, மாறவில்லை. வீடியோவை முதலில் நீட்டுங்கள், பேச்சைப் பிறகு தொடங்குங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை 300, 400 என்று ஏறிக் கிடந்தால், பக்கவாதமே இல்லாமலும் ஒரு பக்கக் கையும் காலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ நெளிந்து ஆடத் தொடங்கும். வயதானவர்களிடம், அதிலும் பெண்களிடம், ஆசிய நாடுகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சி.டி. ஸ்கேனில் நரம்பு முடிச்சு வெள்ளையாகத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் அதை ரத்தக்கசிவு என்று படித்து, சாப்பிட்டுவந்த ஆஸ்பிரினை நிறுத்திவிடுவதும் உண்டு. எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையைவிட ஸ்கேன் முந்திக்கொள்வதால் வரும் வினை இது. இன்னொரு சிக்கல்: சர்க்கரை வேகமாக இறங்கிய பிறகும் இந்த அசைவு தொடங்கலாம். அதனால் அன்றைய சர்க்கரை 140 என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பாருங்கள். இதுதான் காரணம் என்றால், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தாலே பெரும்பாலும் சில நாட்களில், சில வாரங்களில் அடங்கிவிடும்.

அடுத்து, அப்பா சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துப் பாருங்கள். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கு சின்னரிசின், ஃப்ளூனரிசின், இரவுப் புலம்பலுக்கு ரிஸ்பெரிடோன்: எதற்கோ ஒரு வாரத்துக்கு எழுதியது, மருந்துக்கடையில் வாங்கி வாங்கி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இவையும் கை நடுக்கத்தையும் முறுக்கத்தையும் கிளப்பும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

புது எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்பதை வீடியோவைப் பார்த்த நரம்பியல் டாக்டர் சொல்லட்டும். முதல் ஸ்கேனின் ஃபிலிமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருந்தாலே பாதி தெரிந்துவிடும். 'எனக்குத் தெரிந்த சென்டரில் கம்மி விலை' என்று அழைத்துப் போகிறவருக்கு, அந்த விலையிலிருந்தே கமிஷன் போகிறது.

இனி அந்த ஊசி. ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. நாட்டில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் அரசுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. ஆகவே ஊசிக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'உங்கள் ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன?' எண் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடியுங்கள். எண்ணைக் கொடுத்து, பணமும் கேட்டால், அதுவும் முறைகேடே. குணமாகிவிடும் என்ற ஆசையை வைத்து நகையை அடகு வைக்க வைப்பவர்களை ஏன் யாரும் தடுப்பதில்லை என்பது எனக்குப் பொறுக்க முடியாத கேள்வி.

சிகிச்சை இருக்கிறது. கை வீசியடித்தால் டெட்ராபெனசின் மாத்திரை, 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். மனம் சோர்ந்து போகிறதா, தூங்கியே கிடக்கிறாரா, நடை இறுகுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இறுக்கத்துக்கு பாக்லோஃபென் எழுதினால், தீர்ந்துபோய் இரண்டு நாள் விட்டுவிட்டோம் என்ற பேச்சே கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

விரல் முறுக்கத்துக்குச் சிறந்தது, முறுக்கும் தசைகளில் மட்டும் போட்டு அவற்றைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி. ஒரு வாரத்தில் வேலை செய்யத் தொடங்கி மூன்று, நான்கு மாதம் நிற்கும். அதன் பெரும்பாலான தயாரிப்புகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். எந்தத் தயாரிப்பு, எத்தனை யூனிட், எந்தெந்தத் தசை என்று எழுதி வாங்குங்கள். ஒரு தயாரிப்பின் யூனிட் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஊசி போட்ட அடுத்த வாரங்களில் தினமும் விரல்களை நீட்டிப் பழக்கி, விரல்களை விரித்த நிலையில் தாங்கும் ஸ்பிளின்ட் கட்டாவிட்டால் அந்தச் செலவு வீண். பந்தைப் பிசையும் பயிற்சி வேண்டாம். தானாக மூடிக்கொள்ளும் கைக்குத் தேவை விரிக்கும் பயிற்சி. பிசியோவுக்கு அலைய முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் அப்பாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்; வீட்டுக்கே வருவார்கள், கட்டணம் இல்லை.