வாட்ச் 23 காட்டுகிறது, ஆக்ஸிஜன் மெஷின் வாங்கவா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. ஒரு வாரமாக அவருடைய ஸ்மார்ட் வாட்ச் மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 22, 23 என்று காட்டுகிறது. ஆக்ஸிமீட்டரில் 97. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். மருத்துவக் கருவி விற்கும் ஒருவர், "இது ஆரம்பக் கட்டம், இப்பவே ஒரு ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வாங்கி வெச்சுடுங்க" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். ஆனால் அந்த 23-ஐ அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்.

மூச்சு வேகமாகிறது என்றாலே ஆக்ஸிஜன் குறைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், விற்பவர்களுக்கு அந்தப் பயம்தான் மூலதனம். நீங்களே ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு (அப்பாவுக்கு வேண்டாம், நீங்கள்) மூச்சை அடக்கிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் நெஞ்சு முட்டும், விட்டால் போதும் என்றிருக்கும், ஆனால் கருவியில் எண் பெரிதாக இறங்கியிருக்காது. உங்களை முட்ட வைத்தது ரத்தத்தில் சேர்ந்த கரியமிலவாயு. மூளையின் அடியில் முகுளம் என்ற பகுதி அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் கூடினாலும் உதரவிதானத்துக்கும் விலா எலும்புத் தசைகளுக்கும் 'இன்னும் இழு' என்று கட்டளை போகும். காய்ச்சல், வலி, பதற்றம், ரத்தசோகை, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோப்பது, நிமோனியா எல்லாமே எண்ணிக்கையைக் கூட்டும். இதில் பாதிக்கு ஆக்ஸிஜன் மெஷின் மருந்தே இல்லை.

சரி, அந்த 23 உண்மையா? பெரும்பாலான வாட்சுகள் மூச்சை நேரடியாக எண்ணுவதில்லை, நாடித்துடிப்பில் வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. அதனால் நீங்கள் எண்ணுங்கள், ஆனால் அவருக்குச் சொல்லாமல். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்குமே மூச்சு மாறிவிடும். அவர் பத்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போது, நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானில் வையுங்கள். அது ஒருமுறை எழுந்து இறங்கினால் ஒன்று. முழுதாக 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது வேண்டாம், அதில் ஒரு மூச்சு தவறினால் விடையில் நாலு தவறும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் நான் வேலை பார்த்த ஒரு வார்டில் எல்லாக் கட்டிலின் சார்ட்டிலும் 20 என்றே எழுதியிருக்கும். அதில் ஒருவருக்கு நான் உட்கார்ந்து எண்ணியபோது 34. நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, அத்தனை பேருக்கு ஒருவரைப் போட்டால் அவர் எப்படி எண்ணுவார்? லட்சக்கணக்கில் செலவழித்து மானிட்டர் வாங்குகிறோம், ஒரு நிமிடம் நின்று எண்ண ஆள் போட மாட்டோம் என்கிறோம். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணுங்கள், வாட்சில் போன மாத எண்களையும் பாருங்கள். எப்போதும் 22 காட்டிய வாட்ச் இப்போதும் 22 என்றால் அது வேறு, 15 காட்டியது 23 ஆனால் அது வேறு. நீங்கள் எண்ணியும் 20-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓய்விலேயே 25, பேச்சு பாதியில் நின்று மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது என்றால் மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது, உடனே அவசரப் பிரிவு.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்றை மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், மன்னிக்கவும். இன்சுலின் போதாமல் போனால் உடல் கொழுப்பை எரித்து ரத்தத்தில் அமிலத்தைச் சேர்த்துவிடும். அந்த அமிலத்தைக் குறைக்க உடலுக்குத் தெரிந்த வேகமான வழி கரியமிலவாயுவை ஊதித் தள்ளுவதுதான். எனவே மூச்சு வேகமாக மட்டுமல்ல, ஆழமாகவும் போகும், ஓடி வந்தவர் மாதிரி, ஆனால் அவர் படுத்திருப்பார். ஆக்ஸிமீட்டரோ 98, 99 என்று காட்டும். வீட்டில் இருப்பவர்கள் 'ஆக்ஸிஜன் நல்லாத்தானே இருக்கு' என்று காத்திருப்பார்கள், அங்கேதான் நேரம் போகிறது. கூடவே வாந்தி, வயிற்றுவலி, தாங்காத தாகம், வாயில் அழுகிய பழம் போன்ற வாடை இருந்தால் காத்திருக்காதீர்கள். அப்புறம், சில புது சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு ரத்த சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இது வரலாம், ஆகவே குளுக்கோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அப்பாவின் மாத்திரைச் சீட்டை எடுத்துப்போய் 'இது அந்த வகையா' என்று கேட்டு வாருங்கள்.

மெஷினுக்கு வருவோம். ஆக்ஸிஜனும் ஒரு மருந்து, அளவு எழுதித்தான் தர வேண்டும். 97 இருப்பவருக்கு அதைக் கொடுத்து ஒரு பலனும் இல்லை. பல வருடம் புகைபிடித்து நுரையீரல் கெட்ட சிலருக்கு அதிக ஆக்ஸிஜன் கொடுத்தால் கரியமிலவாயு ஏறி மயக்கமே வரலாம், அவர்களுக்கு நாங்கள் ஆக்ஸிமீட்டர் எண்ணை 88 முதல் 92 வரைதான் வைக்கிறோம். விற்பவர் இதைச் சொன்னாரா? தவணை, வாடகை, 'நுரையீரல் செக்கப் இலவசம்' என்று எதைச் சொல்லி வந்தாலும், எந்த மருத்துவர் எத்தனை லிட்டர் எழுதினார் என்று கேளுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் பேசுகிறவரிடம் அப்பாவின் போன் நம்பரைக்கூடக் கொடுக்காதீர்கள்.