ஜப்பான் டர்போ வேகன்: லோன் கிடைக்குமா, குடும்பத்துக்கு ஆகுமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் டாலஸில் இருக்கிறோம். குழந்தைகளுக்கு வயது ஐந்தும் இரண்டும். வீட்டில் ஒரே கார்தான். அதைக் கொடுத்துவிட்டு, 1998-ஆம் ஆண்டு சுபாரு லெகசி ஜி.டி-பி வேகன் ஒன்றை ஜப்பானிலிருந்து வரவழைக்க ஆசை. டிக்கி பெரிது, ஓட்டவும் ஜோராக இருக்கும். 20,000 டாலர் கார் லோன் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா சார்?

பதில்: அந்த வண்டி மேல் ஆசை வந்ததில் தப்பே இல்லை. 1996-இல் வந்த ஜி.டி-பி மேனுவலில் இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின், இரண்டு டர்போ, 280 குதிரைத்திறன், ஆல் வீல் டிரைவ், பில்ஸ்டீன் டேம்பர் எல்லாம் உண்டு. மளிகையும் ஏற்றலாம், மலைப்பாதையில் மகிழ்ச்சியாகவும் ஓட்டலாம். ஆனால் வீட்டின் ஒரே காராக அதை வாங்காதீர்கள். இடம் பற்றாது என்பதற்காகச் சொல்லவில்லை. அதற்குக் கிடைக்கும் கடனும் இன்சூரன்ஸும் தினசரி ஓட்டத்துக்கு ஒத்துவராது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் லோன். கார் லோன் என்பது காரையே ஈடாக வைத்துக்கொண்டு கொடுப்பது. வண்டி யாருடையது என்று மாநிலம் தரும் உரிமைப் பத்திரமான டைட்டிலில் கடன் கொடுத்தவர் பெயரும் ஏறும். ஜப்பானில் நிற்கிற வண்டிக்கு டெக்சாஸ் டைட்டில் ஏது? கப்பலில் வந்து, சுங்கம் முடிந்து, நீங்கள் பதிவு செய்த பிறகுதான் அது கையில் வரும். ஏற்றுமதியாளரோ வண்டியைக் கப்பலில் ஏற்றும் முன்பே பணத்தைக் கேட்பார். இந்த இடைவெளியைச் சாதாரண கார் லோனால் நிரப்ப முடியாது. போதாததற்கு, பல வங்கிகள் இவ்வளவு பழைய வண்டிக்குக் கடன் தருவதே இல்லை. இன்னொரு சிக்கல் வண்டி எண். அமெரிக்காவில் 1981 முதல் விற்ற கார்களுக்கு 17 இலக்க எண் உண்டு. ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு ‘பிஜி5’ என்று தொடங்கும் குட்டியான சேசிஸ் எண்தான். வங்கியின் கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொள்ளாது. பழைய கார்களின் விலையைச் சொல்லும் கெல்லி புளூ புக்கில் தேடினாலும் விலை வராது, ஏனென்றால் அந்த மாடல் இங்கே விற்கப்படவே இல்லை.

மிச்சம் இருப்பது இரண்டு வழி. ஒன்று, எதையும் ஈடு வைக்காமல் எடுக்கும் பர்சனல் லோன். வாங்கிவிடலாம், ஆனால் வட்டி கூடும். உதாரணத்துக்கு, 20,000 டாலருக்கு ஐந்து வருடத் தவணை 7 சதவீதத்தில் மாதம் 396 டாலர். 12 சதவீதத்தில் 445. மொத்தத்தில் கிட்டத்தட்ட 2,900 டாலர் அதிகம் போகும். இரண்டாவது, கிளாசிக் கார்களுக்கென்றே கடன் தரும் நிறுவனங்கள். இவர்களுக்குச் சேசிஸ் எண் பிரச்சினை பழக்கமானது. தவணைக்காலம் நீளமாகத் தருவதால் மாதத் தொகையும் குறைவாகத் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள்: வண்டி ஷெட்டுக்குள் நிற்க வேண்டும், தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கலாம்.

இன்சூரன்ஸிலும் இதே கதைதான். கிளாசிக் பாலிசியில் வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வார்கள், அது பெரிய நிம்மதி. பதிலுக்கு, வீட்டில் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தினசரி ஓட்ட வேறு கார் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிற காரைக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியிலேயே உங்கள் விண்ணப்பம் நின்றுவிடும். மறைத்து எழுதிவிட்டு, பள்ளிக்குப் போகும் வழியில் மோதினால் க்ளெய்ம் மறுக்கப்படலாம். கடன் மட்டும் அப்படியே நிற்கும். சாதாரண பாலிசி தரச் சில கம்பெனிகள் சம்மதிக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ஜப்பான் கார் ஏலத்தில் விலை கேட்கும் முன்பே அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பின் சீட். குழந்தை சீட்டை மாட்டும் ‘லாட்ச்’ கொக்கிகள் அமெரிக்கக் கார்களில் முழுமையாகக் கட்டாயமானது 2002 செப்டம்பரில். 1998 ஜப்பான் வண்டியில் அதை எதிர்பார்க்காதீர்கள். பின்னோக்கிய சீட்டை பெல்ட்டால் கட்டிவிடலாம். முன்னோக்கிய சீட்டுக்கோ தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் டாப் டெதர் பட்டை வேண்டும். அதை மாட்ட இடமில்லை என்றால் மோதலில் குழந்தையின் தலை இன்னும் முன்னால் போகும். உங்கள் ஐந்து வயதுக் குழந்தை அந்த சீட்டில் உட்காரும் வயது. இதில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம்.

வலப்பக்க ஸ்டீயரிங் சில வாரத்தில் பழகிவிடும். ஹெட்லைட்டைத்தான் மாற்ற வேண்டும்: இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான வெளிச்சம், இங்கே எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

சரி, வேகனும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் என்ன செய்வது? வால்வோ வி60 போல்ஸ்டார் பாருங்கள். அதுவும் இறக்குமதிதான், ஆனால் வால்வோவே 2015 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்றது. முதலில் ஆறு சிலிண்டர் டர்போ, 345 குதிரைத்திறன். 2017 மாடலிலிருந்து நான்கு சிலிண்டர், 362. எண்ணும் 17 இலக்கம்தான், லாட்ச் கொக்கியும் உண்டு, கிரெடிட் யூனியன் வழக்கமான கார் லோனாகவே பார்க்கும். லெகசியின் இரண்டு டர்போ கூச்சல் இதில் இல்லை, பிரேக் பாகங்களும் விலை கூடியவை. ஆனாலும் தினம் காலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப நான் சொல்லும் வண்டி இதுதான்.

லெகசியைப் பின்னாளில் இரண்டாவது காராக வாங்குங்கள். அப்போதும் ஏற்கெனவே அமெரிக்காவுக்கு வந்து, மாநில டைட்டில் வாங்கிய வண்டியே மேல். விலை கூடினாலும் ஈடு வைக்கக் காகிதம் இருக்கிறது. ஜப்பானிலிருந்தேதான் என்றால், வண்டியின் நிலையைக் குறித்திருக்கும் ஏலத் தாளை மொழிபெயர்த்துப் படியுங்கள். ‘ஆர்’ தரம் என்றால் விபத்துப் பழுது பார்த்தது. அந்தத் தாளிலுள்ள வண்டிப் படத்தில் ‘டபிள்யூ’ பட்டி பார்த்த இடம், ‘எஸ்’ துரு. டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு டர்போவையும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கவைக்கும் வேக்யூம் குழாய்கள் இந்த வயதில் வெடித்திருக்கலாம். சஸ்பென்ஷன் பாகங்கள் பல இங்கே விற்ற லெகசியோடு ஒத்துப்போகும், டர்போ சாமான் மட்டும் ஜப்பானிலிருந்துதான் வர வேண்டும்.

25 வருடம் தாண்டிய வண்டியை அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்துக்கு மாற்றாமலே இறக்குமதி செய்யலாம் என்பது விதி; அதைத் தயாரிப்பு மாதத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். உங்கள் 1998 வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. சுங்க வரி அடிப்படையில் 2.5 சதவீதம்; 2025-க்குப் பின் கூடுதல் வரிகள் மாறிக்கொண்டே இருப்பதால் மொத்தத் தொகையைச் சுங்க ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். அப்புறம், ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழின் மூலப்பிரதியையும் சுங்கம் முடித்த தாள்களையும் பத்திரமாக வையுங்கள். டெக்சாஸில் டைட்டில் கவுண்டரில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.