கண்ணில் அழற்சி, மார்புக்கு எக்ஸ்ரே ஏன்?

கேள்வி: என் மகனுக்கு வயது 27. ஒரு மாதமாக இடக்கண்ணில் கரும்புள்ளிகள் மிதப்பதாகச் சொன்னான். விழித்திரையின் இரத்தக் குழாய்களில் அழற்சி என்று கூறிய கண் மருத்துவர், மருந்தைத் தொடங்காமல் மார்பு எக்ஸ்ரே, காசநோய்ச் சோதனை, பால்வினை நோய்க்கான இரத்தச் சோதனை ஆகியவற்றை எழுதித் தந்திருக்கிறார். கண்ணுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு? கடைசிச் சோதனையால் வீட்டில் மனவருத்தமே வந்துவிட்டது.

- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மருத்துவர் சரியான வரிசையில்தான் செல்கிறார். இரத்தக் குழாய் அழற்சி என்பது கண்ணுக்குள் காணப்படும் நிலையின் பெயரே ஒழிய நோயின் பெயர் அன்று. குழாயின் ஓரத்தில் வெண்மையாகப் படிந்திருக்கும் உறையைப் பார்த்த மாத்திரத்தில் அது காசநோயால் வந்ததா, நுரையீரல் முதலிய உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் சார்காய்டோசிஸால் வந்ததா, உடலெங்கும் இரத்தக் குழாய்கள் அழற்சியுறும் பெசெட் நோயால் வந்ததா என்று திட்டமாகச் சொல்வது அரிது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டைத் தனியாகக் கொடுத்தால், உள்ளே கிருமி இருக்கும் பட்சத்தில் அதற்கே துணைபோனதாகிவிடும் என்பதால்தான் காரணத்தைத் தேடுவதில் இவ்வளவு பிடிவாதம்.

பால்வினை நோய்ச் சோதனை மகனின் ஒழுக்கத்தை ஐயுற்று எழுதப்பட்டது அன்று. சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் கண்ணில் எந்த வேடமும் போடும், பென்சிலினுக்குக் கட்டுப்படவும் செய்யும். ஆகவே இத்தகைய அழற்சி உள்ளவர் யாராயினும் அச்சோதனையைச் செய்வது வழக்கம்.

காசநோய்க்கான மாண்டூ ஊசி போட்ட பின், 48 முதல் 72 மணி நேரத்துக்குள், கையில் எழும் தடிப்பை அளவுகோல் வைத்து அளப்பார்கள். சுற்றியுள்ள சிவப்பு கணக்கில் வராது. ஆனால் காசநோய்க் கிருமி நோயாக வெளிப்படாமல் உறங்கிக்கிடக்கும் உடல்கள் நம் நாட்டில் ஏராளம் ஆதலால், தடிப்பு பெரிதாக இருந்த ஒன்றைக்கொண்டே கண்ணில் இருப்பதும் காசநோய் என்று முடிவுகட்ட இயலாது. மார்புப் படமும் கண்ணின் தோற்றமும் அதனுடன் ஒத்துப்போக வேண்டும்.

எல்லாச் சோதனைகளும் வெறுங்கையுடன் திரும்பினால், மகனின் வயதைக் கருதி, ஈல்ஸ் நோயை நினைக்க வேண்டிவரும். பர்மிங்காம் மருத்துவர் ஹென்றி ஈல்ஸ் 1880-இல் விவரித்த இந்நோய் இன்று இந்தியத் துணைக்கண்டத்து இளைஞர்களிடையே மிகுதி. சிரைகள் அடைபட்டு, பட்டினி கிடக்கும் விழித்திரையில் வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து, அவை உடைந்து இரத்தம் கசியும். மற்ற காரணங்களை விலக்கிய பிறகே இப்பெயரைச் சூட்டுவார்கள்.

அடைப்பையும் கசிவையும் காண, சாயம் ஏற்றி விழித்திரைக் குழாய்களைப் படமெடுக்கும் கண் ஆஞ்சியோகிராம் எடுக்கக்கூடும். கையில் ஏற்றும் சாயம், அழற்சியுற்ற குழாயின் சுவர் வழியே உறிஞ்சுதாளில் மை போலப் பரவுவது படத்தில் தெரியும். மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போகும், அஞ்ச வேண்டாம்.

என் அனுபவத்தில், பத்துச் சோதனைகளைவிட அரைமணி நேர விசாரிப்பு பெரிது. வாயிலோ பிறப்புறுப்பிலோ அடிக்கடி புண் வருமா, மூட்டு வீங்குமா, கைகால் மரத்துப்போனதுண்டா, வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா என்றெல்லாம் மருத்துவர் கேட்பார். தாயின் முன் மகன் சிலவற்றைச் சொல்லத் தயங்குவார். தாங்கள் சற்று வெளியே அமர்ந்திருப்பது நல்லது. இதற்கிடையில் புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, திரை விழுந்தாற்போல் பார்வை மறைந்தாலோ, சோதனை முடிவுகளுக்குக் காத்திராமல் அன்றே கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.