மழைத் தண்ணீர் எந்த வழியால் இறங்கும்?

கேள்வி: வெளிநாடுகளில் புதிதாகக் கட்டும் ஓவியக்கூடங்களின் படங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஒன்றில் குழாய்களெல்லாம் வெளியே கிடக்கின்றன, இன்னொன்றில் தகடு நெளிந்து நிற்கிறது. கொழும்பிலும் இப்படியொன்று வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். சனம் பார்த்துச் சிரிக்காதா? ஓவியக்கூடம் என்றால் எங்கள் நூதனசாலை மாதிரிக் கம்பீரமாக இருக்கவேண்டாமா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: சிரித்தால் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு சில வருடங்களில் அடங்கிவிடும். சுவரில் இறங்கிய கறுப்புக் கோடு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும். எனக்குக் கவலை அதுதான். வடிவத்தைப் பற்றிச் சண்டை பிடித்துக் களைத்துப்போய், கேட்கவேண்டியதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

நீங்கள் சொல்லும் குழாய்க் கட்டடம் பாரிஸின் பொம்பிடு மையம். ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் வரைந்தது, 1977 இல் திறந்தது. நீலக் குழாயில் காற்று, பச்சையில் தண்ணீர், மஞ்சளில் மின்சாரம். ஆட்கள் ஏறி இறங்கும் வழிகளுக்குச் சிவப்பு. உள்ளே எதுவும் குறுக்கிடாத வெறுந்தளம் வேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோனார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று அன்று பழித்தார்கள். பிறகு அதையே உலகமெங்குமிருந்து தேடிப்போய்ப் பார்த்தார்கள். ஆனால் வெயிலிலும் மழையிலும் நிற்கிற குழாய்க்கும் உருக்குக்கும் ஓயாத பராமரிப்பு வேண்டும். இருபதே வருடத்தில், 1997 இல், திருத்தவேலைக்காக மூடி 2000 இல் திறந்தார்கள். 2025 இல் மறுபடி மூடியிருக்கிறார்கள். 2030 இல் திறப்பதாகத் திட்டம். வெளிமுகப்பிலுள்ள அஸ்பெஸ்டஸை அகற்றுவது இம்முறை வேலைகளில் ஒன்று.

நான் மதிக்கிற எதிர்ப்பு ஒன்று உண்டு. நியூயோர்க்கின் குகன்ஹைம் ஓவியக்கூடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, 1956 இல், 21 ஓவியர்கள் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தார்கள். சரிந்து இறங்கும் தளத்திலும் வளைந்த சுவரிலும் ஓவியத்தை எப்படி ஒழுங்காகக் காட்டுவது என்பது அவர்களுடைய கேள்வி. கட்டடம் வரைந்தபடியே 1959 இல் திறந்தது. வெளிச் சுவர் வெப்பத்தில் விரிந்து சுருங்கப் போதிய இடைவெளி விடாததால் வெடிப்புகள் விழுந்து, 2005 முதல் 2008 வரை பெரிய திருத்தவேலை நடந்தது.

கம்பீரம் என்றீர்கள். 1877 இல் திறந்த எங்கள் நூதனசாலை இத்தாலியப் பாணியில் கட்டியது; அந்த வடிவமும் வெளியூரிலிருந்து வந்ததுதான். அதில் நாங்கள் படிக்கவேண்டியது வளைவுகள் வைத்த விறாந்தை. வெயிலும் சாரலும் உட்சுவரில் நேரே படாதபடி அது காக்கிறது. புதிய ஓவியக்கூடம் எந்த உருவத்திலும் வரட்டும், அந்த விறாந்தையின் வேலையை அதில் எது செய்யப்போகிறது என்று கேளுங்கள்.

கொழும்பில் வெள்ளைச் சுவர் ஏன் கறுக்கிறது என்று எந்த மாடிவீட்டையும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். யன்னலுக்குக் கீழே, கட்டையின் இரண்டு முனைகளிலும், கண்மை கரைந்து வழிந்ததுபோல் இரண்டு கோடுகள் இறங்கியிருக்கும். கட்டையில் படிந்த புழுதியை மழை கழுவி அந்த மூலைகளால் விடுகிறது. ஈரம் காயாத இடத்தில் பாசி பிடிக்கிறது. கூரையோரக் கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதியைக் கூரைப்பக்கம் சரித்து, சுவரைவிட 40 மில்லிமீற்றராவது வெளியே நீட்டி, அடியில் 10 மில்லிமீற்றர் அகலத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டினால் தண்ணீர் அந்தக் காடியில் அறுந்து சொட்டும். காடி இல்லாவிட்டால் அடிப்பக்கத்தில் ஒட்டியபடியே ஊர்ந்து சுவருக்கு வரும். துணிச்சலான வடிவங்களில் முதலில் காணாமற்போவது இந்த நீட்டலும் காடியும்தான். படத்தில் கோடு சுத்தமாக இருக்கவேண்டுமாம்.

உலோகத்துக்கு வருவோம். தேசிய கலைக்கூடம் இருக்கிற ஆனந்த குமாரசுவாமி மாவத்தை கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள். அங்கே 304 ரக ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் போட்டால் தேத்தண்ணீர்க் கறைபோல் மண்ணிறம் படியும். மொலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம் வேண்டும், அதுவும் வழவழப்பாகத் தேய்த்தது. மழை படும் மேற்பக்கம் கழுவுப்பட்டு ஓரளவு தப்பும். மழை படாத அடிவளைவிலும் மடிப்பிலும் உப்பு தேங்கித்தான் கறை ஏறும். நெளிந்த தகட்டில் அப்படி ஒதுங்கிய இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அலுமினியத் தகட்டை உருக்கு ஆணியால் இறுக்கினால், உப்பு ஈரத்தில் ஆணியைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும்.

தகடு நீளும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 3 மீற்றர் அலுமினியத் தகடு, வெப்பம் 40 பாகை மாறினால், ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளும் அல்லது சுருங்கும். கறுப்புத் தகடு மத்தியான வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும்போது பின்னேர மழை கொட்டினால் அந்த மாற்றம் சில நிமிடத்தில் நடக்கும். மூட்டில் 10, 12 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, உள்ளே நுரைக்கயிறு வைத்து, அதன்மேல் சிலிக்கன் பூசவேண்டும். கயிறு வைக்காமல் பூசினால் சிலிக்கன் இரண்டு பக்கத்தோடு பின்பக்கத்திலும் ஒட்டி, இழுபடும்போது கிழிந்துவிடும். ஒழுக்கு அங்கேதான் தொடங்கும்.

நடுவில் பொலித்தீன் வைத்த அலுமினியப் பலகை மலிவு. அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கலாம். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 இல் தீயை மேலே ஏற்றியது அந்த வகைப் பலகை. 72 பேர் இறந்தார்கள்.

பளபளப்புக்கும் ஆபத்து உண்டு. லொஸ் ஏஞ்சலிஸின் டிஸ்னி இசைமண்டபத்தில் குழிவாக வளைந்த தகடு எதிர்வீடுகளுக்குள் வெயிலைக் குவித்தது. 2005 இல் அந்தப் பகுதிகளைத் தேய்த்து மங்கச்செய்தார்கள். மேற்குப்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டால் ஓவியம் பாழ். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள்; நீர்வண்ண ஓவியத்துக்கு 50 லக்ஸ் போதும், எண்ணெய் ஓவியத்துக்கு 200. வெளியே நடுப்பகலில் ஒரு லட்சம் வரை போகும். கண்ணாடியைப் போட்டுவிட்டுத் திரை கட்டி மூடுவதற்கு எதற்குக் கண்ணாடி?

ஆகவே, அப்படியொரு திட்டத்தைக் கொழும்பில் காட்சிக்கு வைத்தால் போய்ப் பாருங்கள். வடிவம் பிடிக்கவில்லையென்றால் அதையும் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. கூடவே ஒன்றைக் கேளுங்கள்: ஒரு மூலை, ஒரு மூட்டு, ஒரு யன்னல் சேர்ந்த முழு அளவு மாதிரிச் சுவரொன்றைக் கட்டடம் வரப்போகும் இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஏப்ரலுக்கு முன் நிறுத்தி, சோளகக் காற்றையும் ஒக்டோபர், நவம்பர் மழையையும் அது தாங்கட்டும். டிசம்பரில் ஏணி வைத்து ஏறி, அதன் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும்.