காதுக்குழாய்ச் சுவரை எடுப்பதா, விடுவதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 42. சிறு வயதிலிருந்தே வலது காதில் சீழ் வடியும். இப்போது நாற்றமும் அடிக்கிறது. சி.டி. ஸ்கேன் பார்த்துவிட்டு கொலஸ்டியடோமா என்றார்கள். ஒரு டாக்டர் காதுக்குழாயின் பின்சுவரை எடுத்துவிட வேண்டும் என்கிறார். இன்னொருவர் சுவரை விட்டுவைத்தே ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். யார் சொல்வது சரி? சொட்டு மருந்தில் குணமாகாதா?

பதில்: சொட்டு மருந்து சீழைக் கொஞ்ச நாள் அடக்கும், அவ்வளவுதான். கொலஸ்டியடோமா புற்றுநோய் இல்லை, பயப்படாதீர்கள். பெரும்பாலும் செவிப்பறை உள்வாங்கி, அதன் தோல் நடுக்காதுக்குள் பை போல வளர்ந்துவிடுவதுதான் இது. மைக்ராஸ்கோப்பில் முத்து மாதிரி வெள்ளையாக, வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும். பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டே போகும். பெரும்பாலும் நடுக்காதில் ஒலியைக் கடத்தும் குட்டி எலும்புகளில் ஒன்றான பட்டடை எலும்பின் மெல்லிய கால்தான் முதலில் கரையும். காது மந்தமாவது அதனால்தான். முக நரம்பும் உள்காதும் மூளை உறையும் மிக அருகில் இருப்பதால் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டு டாக்டர்கள் சொல்வதும் ஏற்கப்பட்ட முறைகளே. பொதுவாகக் காதுக்குப் பின்னால் கீறி, அங்கே இருக்கும் மாஸ்டாய்டு எலும்பை டிரில்லால் குடைந்து நோயை எடுப்பார்கள். காதுக்கு மேலே இருக்கும் தசையின் உறையில் ஒரு துண்டு எடுத்துச் செவிப்பறைக்கு ஒட்டுப் போடுவார்கள்.

சுவரை விட்டால் காதின் வடிவம் மாறாது, ஆறிய பிறகு பராமரிப்பும் குறைவு. ஆனால் சுவருக்குப் பின்னால் எள்ளளவு தோல் மிஞ்சினாலும் மறுபடி வளரும், வெளியிலிருந்து தெரியாது. அதனால் 9 முதல் 12 மாதத்தில் மறுபடி ஆபரேஷன் செய்து திறந்து பார்ப்பார்கள், அல்லது அதற்கான எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சுவரை எடுத்தால் நோய் திரும்புவது குறைவு. ஆனால் காதுக்குழாயும் எலும்பில் குடைந்த இடமும் ஒன்றாகி, குழி பெரிதாகிவிடும். 6 மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை டாக்டரிடம் சுத்தம் செய்ய வேண்டும். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு வைக்க வேண்டும், குளத்தில் முங்கக் கூடாது.

ஸ்கேனுக்கு அடுத்து நான் கேட்பது, "ஊர் எவ்வளவு தூரம், ஒரு வருடம் கழித்துக் கட்டாயம் வருவீர்களா?" என்றுதான். வலி இல்லை, சீழ் நின்றுவிட்டது என்று வராமல் விடுகிறவர்களுக்குச் சுவரை எடுப்பதே பாதுகாப்பு என்பேன். நோய் அதிகம் பரவியிருந்தாலும் அப்படித்தான். உங்கள் கணவரால் தவறாமல் வர முடியும், நோயும் சின்னதுதான் என்றால் சுவரைக் காப்பாற்றலாம்.

ஆபரேஷனின் முதல் குறிக்கோள் நோயை வேரோடு எடுப்பதே. கேட்கும் திறனை அப்போதே ஓரளவு மீட்கலாம், சிலருக்கு இரண்டாம் ஆபரேஷன் தேவைப்படும். முக நரம்பைக் கண்காணிக்கும் கருவி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே வாய் ஒரு பக்கம் கோணினாலோ, தலை சுற்றினாலோ, காய்ச்சலுடன் கடும் தலைவலி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.